சரசக்கா காட்டில் கூலி சைபர்

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்புவது எங்கள் தொழில். யாரும் நாயை அவிழ்த்துவிடாத நாள் நல்ல நாள் என்பது இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் படிவம் கடலைக்காய் பற்றியது. ஆள், டீசல், கரெண்டு, உரம் எல்லாவற்றையும் கூட்டி, ஒரு மூட்டை விளைய எவ்வளவு சக்தி, எவ்வளவு செலவு என்று பார்க்கும் ஆய்வு. மைசூர் ஆபீசில் எனக்குத் தமிழும் கன்னடமும் வரும் என்பதால் தமிழக எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம் என் தலையில் விழுந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் மைசூரை விட்டே கிளம்பாமல் தேவராஜ மொஹல்லா டீக்கடையில் உட்கார்ந்தே எல்லாப் படிவத்தையும் நிரப்பி மாட்டிக்கொண்டாராம். பொய்ப் படிவம் ஒன்று சிக்கினாலும் வேலை போகும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். என் சம்பளத்தில்தான் எங்கள் வீடு ஓடுகிறது.

மோட்டார் ஓடிய நேரம்

முதல் விவசாயியிடம், கடலைக்குத் தண்ணீர் விட மோட்டார் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்டேன். அவர் சுவிட்சை அணைப்பதே இல்லையாம். கரெண்டு வந்தால் ஓடும், போனால் நிற்கும். விவசாயத்துக்குக் கரெண்டு இலவசம் என்பதால் பில்லும் வருவதில்லை, அவர் எதைப் பார்த்துச் சொல்வார்? உத்தேசமாகவாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். பாவம், எனக்கு உதவத்தான் நினைத்தார்.

"மத்தவங்க என்ன சொன்னாங்களோ அதையே போட்டுக்குங்க அம்மிணி. நானென்ன அவங்களுக்குக் கொறச்சலா?"

சாருக்கு வந்த சந்தேகம்

சரசக்கா என்ற விவசாயியின் படிவத்தில்தான் வினை வந்தது. அந்தப் பக்கம் வயலைக் காடு என்பார்கள்; அவர் காட்டில் செடி பிடுங்கி, காய் ஆய எட்டுப் பெண்கள், நாலு நாள். கூலி எவ்வளவு என்றதற்கு ஒன்றுமில்லை என்றார். கையாலேயே ஆய்ந்ததால் மெஷின் டீசலும் இல்லை. சொன்னபடியே சைபர் போட்டேன்.

எங்கள் ஆய்வு அதிகாரி மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், வயலைப் படத்தில்தான் அதிகம் பார்த்தவர். அந்தச் சைபரைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டார்.

"சம்பளம் வாங்காம வேலை செய்யற ஊரா? எனக்கும் கொஞ்சம் காட்டுங்க."

சார் ஆய்ந்த காய்

மறுநாளே ஜீப்பில் கிளம்பிவிட்டோம். வழியெல்லாம் நான் வேறு வேலைக்கு யாரைக் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன். சரசக்கா தன் காட்டில் இல்லை. பக்கத்துக் காட்டில் ஏழு பெண்களோடு உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார். இங்கே என்ன கூலி என்று சார் கேட்டார். போன வாரம் இவர்கள் என் காட்டுக்கு வந்தார்கள், இந்த வாரம் பதிலுக்கு நான் வந்திருக்கிறேன், இதற்கு முய்யாள் என்று பெயர், இதில் கூலி எங்கே வந்தது என்று சரசக்கா திருப்பிக் கேட்டார்.

அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சார் அங்கேயே படிவத்தின் ஓரத்தில் "முய்யாள், சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஆசைக்கு உட்கார்ந்து, மத்தியானம் வரை அவரும் காய் ஆய்ந்தார். கிளம்பும்போது சரசக்கா சிரிக்காமல் கேட்டார்.

"சாரு அரை நாள் செஞ்சுட்டாரு. அதுக்கு நாங்க வந்து செஞ்சு குடுக்கோணும். உங்க காடு எங்கீங்க இருக்குது?"

ஊரெல்லாம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கும் எங்களை யாராவது ஒரே ஒரு கேள்வி திருப்பிக் கேட்டுவிட்டால் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.