மெத்தைச் சாமியார்களுக்கு ஆள் பிடித்தவள்

மெத்தைக்காரியைத் தெரியாத வீடு அந்தத் தெருக்களில் கிடையாது. முன்னால் அவள் வண்டியை இழுக்க, பின்னால் மகள் தள்ள, வீடு வீடாகப் போய்த் தூசி அடைந்த மெத்தைகளை வாங்கி, மேட்டிலிருக்கும் மடத்துக்குக் கொண்டுபோவாள். அங்கே பன்னிரண்டு துறவிகள் கம்பெடுத்து அவற்றை வெளுத்து வாங்குவார்கள். சாயங்காலம் மெத்தை புதுசு மாதிரி திரும்பி வரும்.

அவர்கள் லேசுப்பட்ட துறவிகள் இல்லை, போர்த் துறவிகள். ஒரு காலத்தில் கோட்டை காத்தவர்களாம். இப்போது கோட்டையும் இல்லை, எதிரியும் இல்லை. தினமும் கம்பு வீச வேண்டும் என்ற விதி மட்டும் மிச்சம். காற்றை அடித்தால் யார் காசு கொடுப்பார்கள்? மெத்தையை அடித்தால் கொடுப்பார்கள். பயிற்சியும் ஆச்சு, பிழைப்பும் ஆச்சு. ஊரார் வைத்த மெத்தைச் சாமியார் என்ற பெயரைக் கேட்டு மடத்துப் பெரியவரே விழுந்து விழுந்து சிரிப்பார்.

மடத்துக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதும் மெத்தைக்காரிதான். படுக்கையறை வரை போய் வருகிறவளுக்கு யார் ஒண்டிக்கட்டை, யார் தேடுவாரற்றவன் என்று தெரியாதா? அப்படிப்பட்டவன்தான் மடத்துக்கு வேண்டும். வீட்டில் ஒருத்தி காத்திருந்தால் போர்க்களத்தில் கவனம் சிதறுமாம். அதனால் வாசலிலேயே நிறுத்தி, கூட்டி வந்தவரிடம் பெரியவர் மூன்று முறை கேட்பார்: “இவன் வேணும்னு சொல்ல ஆள் இருக்கா?” மெத்தைக்காரியும் மூன்று முறை கூசாமல் “யாரும் இல்லை சாமி” என்பாள். அதோடு கதவு திறந்துவிடும்.

அந்த வருஷம் ஒரு துறவி மூட்டுவலியால் கம்பைக் கீழே வைத்துவிட்டார். பன்னிரண்டு கம்பு விழாத மடத்தை வருஷக் கடைசியில் மூடிவிட வேண்டும் என்பது விதி. மடத்தை மூடினால் மெத்தைக்காரியின் பிழைப்பிலும் மண்தான். அவளுக்குத் தூக்கம் போயிற்று.

அப்போதுதான் பெயிண்டர் கண்ணில் பட்டான். தாய் தகப்பன் இல்லாதவன். அவள் குடியிருந்த தெருவுக்கே வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். தரையில் விரிக்கும் சாக்கைச் சுவரில் போட்டு அவன் தட்டிய தட்டில் தாளம் இருந்தது.

“தம்பி, மடத்துல சேந்துடேன். உன்னை மாதிரி ஆளுக்கு அதுதான் நல்லது” என்றாள்.

அவன் முகம் என்னவோ போலாயிற்று. “உங்க விருப்பம் அதுதான்னா சரிம்மா. வரேன்.”

எவ்வளவு மரியாதை தெரிந்த பையன் என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. வீட்டுக்கு வந்து மகளிடமும் சொன்னாள். அன்று மகள் சாப்பிடாமல் படுத்ததைத் தலைவலி என்று நினைத்துக்கொண்டாள். ஊரார் வீட்டு விஷயமெல்லாம் விரல்நுனியில். சொந்த வீட்டில் மட்டும் கண் அவிந்துபோயிருந்தது!

மறுநாள் விடிந்ததும் மூவரும் வண்டியோடு மடத்து வாசலில் நின்றார்கள். பெரியவர் கேட்டார். “யாரும் இல்லை சாமி” என்றாள். இரண்டாம் முறையும் அதையே சொன்னாள். பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திரும்பினாள். வண்டியைப் பிடித்தபடி மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி?”

“ஒண்ணுமில்லம்மா. மெத்தைத் தூசி.”

வண்டியில் அன்று ஒரு மெத்தைகூட இல்லை.

மெத்தைக்காரி காலி வண்டியைப் பார்த்தாள். தலை குனிந்து நின்ற பெயிண்டரைப் பார்த்தாள். மகள் விஷயம் தெரிந்துதான் அவள் தன்னை மடத்துக்கு அனுப்புகிறாள் என்று நினைத்து, அந்த மடையன் மறுபேச்சில்லாமல் வந்திருக்கிறான்!

“இவன் வேணும்னு சொல்ல ஆள் இருக்கா?” பெரியவர் மூன்றாம் முறை கேட்டார்.

மடம் போனால் பிழைப்பு போகும். போகட்டும்.

“இருக்கு சாமி. எனக்கு வேணும்” என்றாள். “என் பொண்ணுக்கு வேணும்.”

பெரியவர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், மூலையில் சாத்தியிருந்த கம்பை எடுத்து வந்தார்.

“வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் பன்னிரண்டாவது நான்தான்.”

“இந்த வயசுல தாங்குமா சாமி?”

“மெத்தை என்ன திருப்பியா அடிக்கப்போகுது? நீ போம்மா. அடுத்த ஆளைக் கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வா.”

மேட்டிலிருந்து இறங்கும்போது பெயிண்டர் வண்டியை இழுத்தான், மகள் பின்னால் தள்ளினாள். மெத்தைக்காரி, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

“பள்ளம் இருக்கு, பாத்து இழு தம்பி” என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “பாத்து இழுங்க, மாப்பிள்ளை.”