அவுட்டே ஆகாத வீரன்

நான் எப்பேர்ப்பட்ட முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களே கண்டுபிடித்துச் சங்கடப்பட வேண்டாம். சின்ன வயதில், மே மாத வெயிலில் பொரிகிற மண்ணில் வெறுங்காலோடு ஓடும்போது முதுகில் 'பளார்' என்று ஒரு கை விழும், வியர்வையில் ஊறிய பனியன் சப்பென்று ஒட்டிக்கொள்ளும். அப்படி எத்தனை கைகள் விழுந்தாலும் என்னை ஒருத்தரும் "அவுட்" என்று சொன்னதே இல்லை. அதை என் திறமை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் தெருவின் கோடை விடுமுறை ஆட்டம் "கல்லா மண்ணா". வாசற்படி, துவைக்கிற கல், சாக்கடை மேல் போட்ட சிலாப் என்று எதன்மேலாவது நிற்கிறவரைத் தொடக் கூடாது. மண்ணில் இறங்கினால் துரத்தித் தொடலாம். தொடப்பட்டவர் ஓரமாகப் போய் உட்கார வேண்டும். தெருவுக்கே கேப்டன் லூர்து அக்கா. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் துரத்தினால் தெருநாய்கூடச் சிலாப் மேல் ஏறிவிடும். நான் மட்டும் நடுமண்ணில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பேன். அக்கா என்னைத் தொடுவாள், சிரிப்பாள், அடுத்த ஆளை நோக்கி ஓடிவிடுவாள். பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன். "இன்னிக்கும் நான் அவுட் ஆவல" என்று வீட்டில் தினமும் அறிவிப்பேன். "வீரரே, மொதல்ல மூக்கத் தொடைங்க" என்பார் அம்மா.

அந்த விடுமுறைக்குச் சிதம்பரத்திலிருந்து என் மாமா பையன் பாபு வந்திருந்தான். வந்த அன்று சாயங்காலமே அவன் துரத்துகிற முறை வந்தது. நேராக வந்து என் முதுகில் ஒன்று வைத்தான்.

"அவுட்டு மச்சான், போய் உக்காரு."

"நானாவது அவுட் ஆவறதாவது! அக்காவக் கேளு."

ஆட்டம் அப்படியே நின்றது. எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள்.

"உட்ருடா பாபு, அவன் ஒப்புக்குச் சப்பாணி."

ஓடத் தெரியாத பொடிசுகளை விரட்டவும் மனசு வராது, ஆட்டத்தில் சேர்த்தால் அவுட் ஆனதும் அழுதே தீர்ப்பார்கள். அதனால் சும்மா ஓடவிட்டுக் கணக்கில் மட்டும் எடுக்காமல் விட்டுவிடுவார்கள். அந்தப் பதவிக்குத்தான் அப்படிப் பெயர். நான் அந்தப் பதவியில் இருந்தது தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது, அநேகமாக அந்த நாய்க்கும்.

"இன்னா மச்சான், நீ சப்பாணியா?" என்று பாபு விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்னையும் நெஜமா அவுட் ஆக்குக்கா" என்று அழுதேன்.

"அடுத்த வருஷம் ஆக்குறேன்டா" என்றாள் அக்கா.

நான் ரோஷக்காரன், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அடுத்த வருஷத்துக்குள் அக்காவின் அப்பாவுக்கு மாற்றலாகி அவர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். சாத்திய கதவுக்குள் நான் படித்துப் படித்துக் கணக்கு வாத்தியாரானேன். பிள்ளைகளின் பி.டி. பீரியடைப் பிடுங்கி அல்ஜீப்ரா நடத்துகிற அந்தக் கொடியவன் நான்தான்.

போன மாதம், பிள்ளைகளை ஓடியாட வைப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்கும் கோச்சுகளுக்கும் சிதம்பரத்தில் ஒரு பயிற்சி. எங்கள் பி.டி. சார் லீவில் இருந்ததால் தலைமையாசிரியை என்னை அனுப்பிவைத்தார். பயிற்சி என்றால் மின்விசிறிக்கடியில் நாற்காலி, பதினொரு மணிக்கு வடை, டீ என்று நினைத்துப் பாலிஷ் போட்ட ஷூவோடு போனேன். மைதானத்தில் கழுத்தில் விசிலோடு, நரைத்த தலையோடு ஓர் அம்மா நின்றிருந்தார்.

"ஷூவக் கழட்டுங்க சார். கல்லா மண்ணா!"

குரலைக் கேட்ட மாத்திரத்தில் என் கால்கள் என்னைக் கேட்காமலே பக்கத்துப் படியில் ஏறிவிட்டன. லூர்து அக்கா! அவளும் என்னை உற்றுப் பார்த்தாள். "டேய் மூக்கொழுகி!" என்றாள், அத்தனை ஆசிரியர்கள் முன்னாலும்.

"அவுட்டான புள்ளய உக்கார வெக்காதீங்க" என்று எல்லோருக்கும் சொன்னாள். "ஓடத் தெரியாததுதான் மொத அவுட் ஆவுது. அதையே உக்கார வெச்சா, அது எப்ப ஓடிப் பழகும்? கிரவுண்ட ஒரு சுத்து சுத்திட்டு உள்ள வரட்டும்."

விசில் ஊதியதும் பார்க்க வேண்டுமே! ஓய்வுபெறப் போகிற சார்கள் படிக்குப் படி தாவினார்கள், டீச்சர்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு பறந்தார்கள், என் தொப்பை எனக்கு முன்னால் ஓடியது. செம்மண்டலத்தில் இப்போது எங்கள் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சிமெண்ட். கல்லா மண்ணா என்று கேட்பதற்கு மண்ணே இல்லை. ஒப்புக்குச் சப்பாணியும் இல்லை. ஓடத் தெரியாத பிள்ளை என் வகுப்பில் எனக்கெதிரே உட்கார்ந்து அல்ஜீப்ரா போடுகிறது. இந்த நினைப்பில் நடுமண்ணில் நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

முதுகில் 'பளார்'.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, "அக்கா, நான் ஒப்புக்குத்தானே?" என்றேன்.

"அவுட்டுடா, ஒரு சுத்து ஓடிட்டு வா."