தெயோலிந்தா கொடுத்த ரொட்டி

அமெரிக்காவில், ஃபால் ரிவர் ஊர் முதியோர் இல்லத்தில் முப்பத்தொரு வருஷம் கிழவர்களைக் குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டியவள் எங்கள் தெயோலிந்தா. அவள் மேல் ஒரு போலீஸ் கேஸ் கிடையாது, அந்தக் கரண்டி வரைக்கும். கோயில் சமையல்கட்டில் ஓரகத்தி நத்தேர்சியா எல்லார் முன்னாலும், "உன் புருஷன் குடிச்சே செத்தான்" என்றாள். இவள் கரண்டியை வீசிவிட்டாள். நத்தேர்சியாவின் புருவத்தில் நாலு தையல்.

கோர்ட்டுக்கு நானும் கூடப் போயிருந்தேன். வக்கீல் பெண் விளக்கினாள்: "முதல் கேஸுங்கறதால ஜட்ஜ் ஒரு வழி விட்டிருக்காரும்மா. குத்தத்தை ஒத்துக்க வேணாம், விசாரணையும் இப்ப இல்ல. ஆறு மாசம் கண்காணிப்புல இருங்க. அந்தம்மா பக்கம் போகாதீங்க, பேசாதீங்க. ஒழுங்கா இருந்தா கேஸ் தள்ளுபடி. மீறினா விசாரணைதான். நீங்க குடியுரிமை வேற வாங்கல, தண்டனை ஆச்சுன்னா பொறந்த தீவுக்கே திருப்பி அனுப்பிடுவாங்க."

அந்த அசோர்ஸ் தீவில் அவளுக்கு உட்கார ஒரு நாற்காலி கிடையாது. கோர்ட் படியிலேயே அழுதுகொண்டு நேர்ந்துகொண்டாள்: "தூய ஆவியே, என்னைக் காப்பாத்து. வர்ற உன் திருநாளுக்குத் தெருவுல ஒரு வீடு விடாம இனிப்பு ரொட்டி குடுக்கறேன்."

அதன்பிறகு நத்தேர்சியா இந்தப் பக்கம் வந்தால் இவள் அந்தப் பக்கம் போவாள். பூசைக்குப் போகும் நேரத்தைக்கூட மாற்றிக்கொண்டாள். கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது திருநாள் வந்து தொலைத்தது. நத்தேர்சியா வீடும் எங்கள் தெருவில்தான்.

"அந்த ஒரு வீட்டுக்கு நான் குடுத்துட்டு வரேன்டி," என்றேன்.

"நேர்ந்தவ கையாலதான் குடுக்கணும், இடலினா. ஒரு வீடு விட்டாலும் எல்லாம் பாழ். எனக்கே சொல்லித் தரியா? வாசல்ல வெச்சுட்டு வாய் திறக்காம வந்துடுவேன்."

கூடையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன், புத்தி கெட்ட கழுதை. ரொட்டியை வைத்து நிமிர்வதற்குள் கதவு திறந்தது.

"அக்கா! எத்தனை நாளாச்சு! உள்ள வாங்க, ஒரு வாய் காபி குடிங்க. நமக்குள்ள என்ன சண்டை?"

தெயோலிந்தா பொலபொலவென்று அழுதுவிட்டாள். உள்ளே போனாள், காபி குடித்தாள், மன்னிப்பும் கேட்டாள். "திருநாள் ஞாபகமா இருக்கட்டும்கா," என்று நத்தேர்சியா போனில் ஒரு போட்டோ எடுத்தாள்.

மூன்றாம் நாள் அந்தப் போட்டோ ஜட்ஜ் மேசையில் கிடந்தது. போனீர்களா என்று ஜட்ஜ் கேட்டார். "போனேன் ஐயா, ரொட்டி குடுத்தேன்," என்றாள் இவள். கேஸ் விசாரணைக்குத் திரும்பியது. நத்தேர்சியா கூண்டில் ஏறித் தழும்பைக் காட்டினாள். குற்றவாளி என்று சொல்ல ஜூரிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தீவுக்குக் கைவிலங்கோடுதான் விமானம் ஏற்றினார்கள்.

போன வாரம் நத்தேர்சியாவைக் கடையில் பார்த்தேன். "நீயெல்லாம் பொம்பளையாடி?" என்று கேட்டே விட்டேன்.

"ரொட்டியில சீனி கம்மி," என்று சொல்லிவிட்டுப் போனாள் பாவி.

நேற்று தெயோலிந்தா தீவிலிருந்து போன் செய்தாள். யாரோ தூரத்து உறவுக்காரர் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் படுக்கிறாளாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இடலினா, நல்லா யோசிச்சுச் சொல்லு. எந்த வீட்டை விட்டுட்டோம்?"

எந்த வீட்டையும் விடவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்டி," என்று போனை வைத்தேன்.