நாற்பது அடுக்கும் நான்கு மணி நேரமும்

துணியை விரித்து, நுனிக்கு நுனி ஒட்டவைத்து, நாற்பது அடுக்கு ஏறியதும் உள்ளங்கையால் ஒருமுறை நீவிப் பார்ப்பார் மாஸ்டரம்மா. எங்காவது சுருக்கம் தட்டுப்பட்டால் அத்தனையையும் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். பிறகுதான் கட்டிங் மெஷின் ஓடும். பள்ளிச் சீருடை தைக்கும் அந்தக் கூடத்தில் கட்டிங் மேசை அவருடையது. அது அவருக்கு நெஞ்சளவு உயரம் என்பதால் ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்றுதான் வேலை. புதிதாக வந்த யாராவது சிரித்தால், "சிரிச்சு முடிச்சாச்சா? அந்த ரோலை எடுத்துட்டு வா" என்பார்.

வயது நாற்பத்து மூன்று. உயரம் நாலரை அடி. பதினைந்து வயதில் வளர்த்தி நின்றுபோய், வயதுக்கும் வராமல் இருந்தபோதுதான் காரணம் தெரிந்தது. பெண்களுக்கு வழக்கமாக இரண்டு எக்ஸ் குரோமோசோம், இவருக்கு ஒன்றுதான். அதை அவர் மூடி மறைப்பதில்லை. "ஒண்ணு குறைச்சலா வந்தேன், வாய் மட்டும் ரெண்டு பங்கு" என்று அவரே முந்திக்கொள்வார்.

இப்படிப் பிறந்த பெண்களுக்குத் தைராய்டு எளிதில் மந்தமாகிவிடும், ஆண்டுக்கொருமுறை ரத்தம் சோதிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். போன ஆண்டு மந்தம் தெரிந்தது, மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் மாத்திரை போட்டும் உடம்பு கேட்கவில்லை. முகம் உப்பியது, வெயிலிலும் குளிர்ந்தது, நின்றபடியே கண் சொக்கியது. அளவைக் கூட்டியும் பலனில்லை. ஒருநாள் துணியின் நல்ல பக்கம் பார்க்காமல் விரித்து, எண்பது சட்டைக் கைகளையும் இடக்கையாகவே வெட்டிவைத்தார்.

முதலாளியம்மா திட்டவில்லை. மேசையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு, இவரை நூல் பிசிறு கத்தரிக்க உட்காரவைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கூடவே வசிக்கும் அக்காவுக்கு ஒரே பேச்சு: "உன் பொறப்பு அப்படி. போதும், வீட்ல இரு." எல்லாவற்றையும் பிறப்பின் தலையில் போடுவது எவ்வளவு சுலபம்! மாஸ்டரம்மாவும் பாதி நம்பிவிட்டார். அதுதான் கொடுமை.

மருத்துவமனைக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா, மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். மாஸ்டரம்மா பெருமையாகவே சொன்னார்: "எலும்புக்குக் குடுத்த கால்சியம், இது, எல்லாத்தையும் ஒண்ணா அடுக்கி, ஒரே வாய்த் தண்ணில முடிச்சுடுவேன்." கட்டிங் புத்தி. கால்சியம் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாது, இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதும் மாஸ்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். பாவம், பிறப்பின்மேல் பழி போட்டுக்கொண்டிருந்த வேளையில் அவரைக் கவிழ்த்தது அவருடைய சாமர்த்தியம்.

இப்போது விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை மட்டும்; கால்சியம் மதியச் சாப்பாட்டோடு. இரண்டு மாதத்தில் முக வீக்கம் வடிந்தது, வாய்த்துடுக்கு திரும்பியது. மேசையைக் கேட்டார். "ஒரு நாள் பாப்போம்" என்றார் முதலாளியம்மா.

அந்த ஒரு நாள் நேற்று. அடுக்கு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா வந்தார். வேலையை விடுவதாகத் தங்கையின் பெயரில் அக்காவே எழுதிய கடிதம் கையில். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "அவங்க போகச் சொல்றதுக்கு முன்னாடி நீயே குடுத்துடு" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அதில் அன்பும் இருந்தது, பயமும் இருந்தது.

மாஸ்டரம்மா கடிதத்தை வாங்கி முழுவதும் படித்தார். திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதை மேசைமேல் போட்டு, பென்சிலால் காலர் அச்சுக்கான வளைவை இழுத்து, கத்தரிக்கோலை எடுத்தார்.