வலப்பக்கப் பள்ளம்

ஓமைரா ரிங்கோன் தரையிறக்கினால் விமானம் வலப்பக்கம்தான் போகும். வில்லாவிசென்சியோவில் ஞாயிறு மதியம் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விமானம் ஓட்டும் அந்தச் சின்னக் கூட்டத்தில் இது எல்லோருக்கும் தெரியும். சக்கரம் தரையைத் தொடும்வரை அழகாக வருவாள். தொட்ட பிறகு, யாரோ சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாற்போல் வண்டி மெல்ல வலப்பக்கம் சாயும். செம்மண் ஓடுபாதையைத் தாண்டும், புல்லுக்குள் நுழையும், அங்கிருக்கும் பள்ளத்தில் மூக்கை வைத்துப் படுத்துக்கொள்ளும்.

"இன்னைக்கு எத்தன மாடு செத்துச்சு?" என்று பின்னறையிலிருந்து குரல் கொடுப்பான் எவேலியோ, அவள் கணவன்.

"மாடெல்லாம் ஓடிடுச்சு. நீ மட்டும்தான் பாக்கி."

எவேலியோ மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவன். தரையில் விமானத்தைத் திருப்ப அவள் காலால் மிதிக்கும் பெடல்களை அவன்தான் செய்து கொடுத்தான். பழைய கதவின் கீல், இரண்டு மரக்கட்டை, ஒரு செயின். கிண்டல் செய்யும் உரிமை தனக்கு உண்டு என்பது அவன் நினைப்பு.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஓமைரா ஒரு சரக்கு விமானக் கம்பெனியில் எடை போடும் தராசைப் பார்த்துக்கொண்டவள். காட்டுக்குள் இருக்கும் ஊர்களுக்குப் போகிற இரட்டை எஞ்சின் கிழட்டு விமானங்கள் அவை. நிற்கும்போது வால் தரையில் கிடக்கும், மூக்கு வானம் பார்க்கும். அரிசி மூட்டை, பீர் பெட்டி, டீசல் பீப்பாய், கோழிக்கூடையோடு வரும் பாட்டிமார், எல்லாம் அவள் தராசில் ஏறித்தான் ஆகவேண்டும். எடையைக் கேட்டு வெட்கப்படும் பெண்களுக்காக முள்ளின் மேல் கையை வைத்து மறைத்துக்கொள்வாள். ஏற்றி முடித்ததும் கம்பிவேலியோரம் போய் நிற்பாள். விமானம் கிளப்பிய புழுதி அடங்கும்போது அது ஒரு புள்ளியாகியிருக்கும். கம்பெனி மூடிய பிறகு வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்க ஆரம்பித்தாள். தையல் மிஷினுக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர். நீலப் பாவாடைத் துணி குவிந்து கிடக்கும் மேஜையில் ஒரு ஜாய்ஸ்டிக்.

கூட்டத்தின் தலைவர் கேப்டன் பவுதிலியோ. அந்தக் கிழட்டு விமானங்களில் முடி நரைத்தவர். இதயம் சரியில்லை என்று மருத்துவர் உரிமத்தைப் பறித்துக்கொண்டார். இப்போது காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மற்றவர்கள் ஓட்டுவதைத் திரையில் பார்த்துத் திட்டுவதுதான் அவருக்கு மருந்து. கம்பெனி நாட்களில் தராசில் ஏறும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வார், மூச்சுக்கும் எடை உண்டு என்பதுபோல. ஓமைராவை அப்போதிருந்தே தெரியும்.

இந்தக் கூட்டத்தில் கேப்டன் ஆக வேண்டும் என்றால் வால் தரையில் கிடக்கும் அந்த விமானத்தை மிராலிந்தோ என்ற குட்டை ஓடுபாதையில் நேராக நிறுத்திக் காட்டவேண்டும். நிறுத்தியவர்களே, கூட்டமாகத் திரையில் பறக்கும் ஆகஸ்ட் மாதப் பெரிய பயணத்தில் இடது சீட்டில் உட்காரலாம். மற்றவர்கள் வலது சீட்டில் இருந்து வானிலை படித்துச் சொல்லவேண்டும். ஓமைரா வருஷக்கணக்காக வானிலை படிக்கிறாள். இந்த ஞாயிறுதான் ஆகஸ்டுக்கு முந்தைய கடைசி சோதனை.

போன தடவை பள்ளத்தில் விழுந்தபோது பவுதிலியோ திட்டவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

"சிலருக்குக் கை வரும், சிலருக்குக் கால் வரும். உனக்குக் கால் வரல ஓமைரா. அதுல வருத்தப்பட ஒண்ணுமில்ல" என்றார் சாந்தமாக.

அவள் அதை நம்பிவிட்டாள். தையல் மிஷினை மிதிக்கும்போதுகூட, ஏதோ கடன் வாங்கிய பொருளைப் பார்ப்பதுபோல் தன் பாதத்தைப் பார்த்தாள்.

அந்த ஞாயிறு காலையில் வெயில் ஏறுவதற்குள் எவேலியோ தரையைத் துடைக்க ஆரம்பித்தான். ஓமைரா திரையின் முன்னால் இருந்தாள். பேசுவதற்கான பட்டனை வேறு விரலுக்கு மாற்ற வேண்டியிருந்தது. எந்தப் பட்டனுக்கு என்ன வேலை என்று ஒதுக்குகிற பக்கம் திரையில் திறந்திருந்தது. சக்கரத்தை இறக்க ஒன்று, விளக்குக்கு ஒன்று. எதை அசைத்தாலும் அதன் வேலை எதுவோ அந்த வரி பச்சையாக ஒளிரும். இதையெல்லாம் அமைத்துக் கொடுத்தவன் யாமித், கடைத்தெருவில் போன் பழுது பார்க்கிறவன். கூட்டத்தில் யார் புதிதாக எது வாங்கினாலும் அவன்தான் வேலை ஒதுக்கித் தருவான்.

"காலத் தூக்கு" என்றான் எவேலியோ.

இரண்டு கால்களையும் நாற்காலி மேல் மடக்கி வைத்துக்கொண்டாள். மேஜை மூலையில் இருந்த கடுங்காப்பிக் கோப்பை சாயப் பார்த்தது. வலது கையால் அதைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் இடது கை ஜாய்ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. ஓமைரா இடக்கைக்காரி. வலது கைக்காகக் குடைந்த பிடியை, அடுத்தவர் செருப்புக்குள் கால் நுழைத்ததுபோல் எப்போதும் கோணலாகத்தான் பிடிப்பாள்.

திரையில் இரண்டு வரிகள் ஒளிர்ந்தன. ஒன்று, மூக்கைத் தூக்குவது. அது சரி. மற்றது, வால் சுக்கான்.

சுக்கானைத் திருப்புவது பெடலின் வேலை. பெடலில் கால் இல்லை. கால் அவள் கண்ணெதிரே, நாற்காலி மேல், ஈரம் படாமல் இருந்தது.

மறுபடி இழுத்தாள். இழுக்கும்போது முழங்கை வெளியே போனது, மணிக்கட்டு தானாக வலப்பக்கம் திரும்பியது, பிடியும் கூடவே திருகியது. சுக்கான் வரி மறுபடி பச்சையானது. தரையில் ஓடும்போது வாலை அழுத்தி வைக்க ஜாய்ஸ்டிக்கை முழுசாக இழுத்துப் பிடிக்கவேண்டும். அப்போதெல்லாம் அவள் கையே விமானத்தை வலப்பக்கம் திருப்பியிருக்கிறது.

யாமித்தைப் போனில் பிடித்தாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"இருக்கியா, இல்ல போன வச்சிட்டியா?"

"இருக்கேன் அக்கா. ஈஸ்டருக்கு முன்னாடி ஜாய்ஸ்டிக் மாத்துனீங்கல்ல? புதுச சொருகினா அது யாரையும் கேக்காது, தானே போய் வேலைய எடுத்துக்கும். திருகினா சுக்கான்னு அதுவா போட்டுக்கிச்சு."

"நீ பாக்கலையா?"

"பெடலோட பக்கத்தத்தான் பாத்தேன். அது சுத்தமா இருந்துச்சு. ஜாய்ஸ்டிக்குக்குத் தனிப் பக்கம்..."

"அதே வாரம்தான் நான் சின்ன வண்டிய விட்டு இந்தப் பெரிய வண்டிக்கு மாறுனேன். எல்லாரும் வண்டி முரடு, உன் கால் சரியில்லன்னீங்க. நானும் ஆமாம் ஆமாம்னு தலையாட்டிக்கிட்டு இருந்தேன் பாரு."

"கேப்டன்கிட்ட சொல்லிடாதீங்கக்கா."

"இன்னைக்கு நேரா நிறுத்துனப்புறம் சொல்றேன், போடா."

அந்த ஒரு வரியை அழித்தாள். ஜாய்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தாள். மூக்கு மட்டும் ஒளிர்ந்தது. எவேலியோவுக்கு ஒன்றும் புரியவில்லை. துடைப்பத்தை ஊன்றியபடி அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மதியம், கோழிச்சாறும் கிழங்கும் சாப்பிட்ட மயக்கத்தில் கூட்டம் ஹெட்போனுக்குள் கூடியது. பவுதிலியோ வழக்கம்போல் சரக்கைச் சொன்னார். "சிமெண்ட் மூட்டை, பீர், ஒரு பன்றி. பன்றிக்குச் சொந்தக்காரர் கூடவே வர்றாரு, அவருக்கும் பன்றிக்கும் பேச்சுவார்த்தை இல்ல. ஏத்திக்க ஓமைரா."

குவாவியாரே ஆறு கீழே பழுப்பாக நெளிந்தது. மிராலிந்தோ தெரிந்தது, காட்டுக்குள் யாரோ மறந்துவைத்த கீறல்போல. சக்கரம் தொட்டது. ஜாய்ஸ்டிக்கை இழுத்தாள். விமானம் நேராக ஓடியது. ஒரு மூச்சு நேரம்தான். பிறகு இடப்பக்கம் சாய்ந்து, புல்லில் ஏறி, அந்தப் பக்கத்து மரத்தடியில் போய் நின்றது.

எல்லோரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள்.

"பள்ளத்துக்கு உன்மேல கோவமா? இன்னைக்கு எதிர்வீட்டுக்குப் போயிட்ட?" என்றார் பவுதிலியோ.

ஓமைரா குனிந்து பார்த்தாள். இடது கால் பெடலை நன்றாக அழுத்திக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமலே, வலப்பக்க இழுப்பை எதிர்த்து எதிர்த்து இத்தனை மாதமாகப் பழகியிருக்கிறது அந்தக் கால். எதிரி போனதுகூடத் தெரியாமல் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

மறைக்க இனி ஒன்றுமில்லை என்று எல்லாவற்றையும் சொன்னாள். யாமித் இருமினான்.

"இன்னொரு தடவ வரலாம், அது விதி. வரியா?" என்றார் பவுதிலியோ.

யாமித் அவசரமாக நுழைந்தான். "அக்கா, ஒரு யோசன. திருகல மறுபடி போட்டு, பலத்தக் கொஞ்சம் கொறச்சிடுவோம். அது வலது பக்கம் இழுக்கும், உங்க கால் இடது பக்கம் இழுக்கும். நேராப் போயிடும்!"

கூட்டத்தில் பாதிப்பேர் "நல்ல யோசன" என்றார்கள். பவுதிலியோ, "எனக்கு நேரா நின்னாப் போதும். எப்படி நிக்குதுன்னு கேக்க மாட்டேன்" என்றார்.

ஆகஸ்ட் ஓமைராவின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"ரெண்டு தப்ப முடிச்சுப் போட்டு நேரா போறதா? வேணாம்டா. காலுக்கு நான் சொல்லிக்கிறேன்."

இடது கால் செருப்பைக் கழற்றினாள். கட்டைவிரல் மட்டும் படும்படி பாதத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மறுபடி ஆறு, மறுபடி கீறல். சக்கரம் தொட்டதும் கால் பழக்கத்தில் துள்ளியது, அடக்கினாள். விமானம் இடம் போனது, திருத்தினாள். வலம் போனது, திருத்தினாள். திருவிழா முடிந்து வீடு திரும்பும் ஆள்போல் இரு பக்கமும் தடவிக்கொண்டே போய், ஓடுபாதையின் கடைசியில், இடது சக்கரம் புல்விளிம்பைத் தொட நின்றது.

ஹெட்போனில் பவுதிலியோவின் குரல் வந்தது.

"ஓமைரா, வால் எங்க இருக்கு?"

"பின்னாலதான் கேப்டன்."

"சுத்திக்கிட்டு முன்னால வரலையே?"

"இல்ல. பின்னாலேயேதான்."

"அப்ப அது தரையிறக்கம். நான் நாற்பது வருஷமா செஞ்சதும் அதுதான். ஆகஸ்ட்ல இடது சீட்டு உனக்கு. காலப் பத்திச் சொன்னத நான் வாபஸ் வாங்கிக்கிறேன். யாமித், நீ எனக்குத் தனியா போன் பண்ணு."

அவள் ஹெட்போனைக் கழற்றி நீலத் துணிமேல் வைத்தாள். ஒரு காலில் செருப்போடு பின்னறைக்குப் போனாள். எவேலியோ ஊஞ்சல் படுக்கையில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என்ன, பள்ளமா?" என்றான் கண்ணைத் திறக்காமலே.

"எந்திரி. ஓடுபாதையிலதான் நிக்கிறேன்."

"எங்க, நடுவுலயா?"

"கொஞ்சம் இடப்பக்கமா" என்றாள் ஓமைரா.