நட்சத்திரக் கம்பும் கற்றாழைக் கட்டையும்

2004 ஜூன். காலை ஏழு மணிக்குக் கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினோம். கத்திவாக்கத்துக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி நண்பன் ரகு உட்காரவே இல்லை. ராயபுரத்திலிருந்து விம்கோ நகர் வரை வாசலில் தலையை நீட்டிக்கொண்டே வந்தான். அவனைப் பார்த்துப் பார்த்து எனக்கும் படபடப்பு தொற்றிக்கொண்டது.

மெக்சிகோவில் ஆனைக்கற்றாழையின் அடிக்கட்டையைச் சுட்டுப் பிழிந்து சாராயம் வடிக்கிறார்கள். அதை இங்கே செய்து பார்க்க ரகுவுக்குப் பைத்தியம். சித்தூர்ப் பக்கம் உரிமத்தோடு நடக்கும் ஒரு சின்ன ஆலை, ஒரே ஒரு தடவை தன் வடிகலனைத் தர ஒப்புக்கொண்டிருந்தது. மறுநாள் கட்டை போய்ச் சேராவிட்டால் அதுவும் கிடையாது. அந்தப் பக்கத்து வேலிகளிலோ நார் எடுப்பவர்கள் இலையை வெட்டி வெட்டிக் கட்டையைச் சூம்ப வைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது கத்திவாக்கத்தில் ரகுவுக்குத் தெரிந்த பிலோமினாக்காவின் தோட்ட வேலி. துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவர், கட்டையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்று போனில் சொல்லியிருந்தார்.

ஒன்பது மணிக்கு வேலியருகே நின்றோம். ரகு அமர்த்திய மினி லாரி முன்பே வந்திருந்தது. ஒவ்வொரு கற்றாழையின் நடுவிலும் பூங்கம்பு முழங்கை உயரத்துக்கு எழும்பியிருந்தது. ஒவ்வொரு கம்பிலும் ஒரு துணிக்கிழிசல், வேறு வேறு நிறத்தில். ரகு அரிவாளை எடுத்ததும் அக்கா ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"இன்னா நைனா, இப்பவேவா? கிறிஸ்மஸ் முடிஞ்சி நீ எட்த்துக்கினு போவேன்னுல்ல நெனச்சிகினு கீறேன்."

அப்போதுதான் விளங்கியது. அந்தத் தெருவில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை இந்தக் கம்பில்தான் ஏற்றுவார்கள். முளை விட்டதுமே வீட்டுக்கு ஒன்றாகத் துணி கட்டிப் பிடித்து வைத்துவிடுவார்களாம். கம்பு போன பிறகு கட்டை அவர்களுக்குக் குப்பை. ரகுவுக்கோ கம்பு வளர்ந்தால் கட்டை சக்கை. இனிப்பையெல்லாம் கம்பு குடித்துவிடும். இதை அவன் சொல்லச் சொல்ல அக்காவின் முகம் சுருங்கியது. யார்மேலும் தப்பில்லை, அதனால்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

வாக்குக் கொடுத்தாயிற்றே என்று அவர் வீடு வீடாகக் கேட்டுவரத் தெருவுக்குள் போனார். பத்து மணி, பத்தரை. லாரிக்காரர் வாடகைக் கணக்கை நினைவூட்டினார். ரகு வேலியோரம் நடந்து நடந்து செருப்பு வாரை அறுத்துக்கொண்டான்.

பதினொன்றுக்கு அக்கா திரும்பினார். கிழிசல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, மூலையிலிருந்த ஒரே செடியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினார்.

"இத்த மட்டும் வுட்டுடு. தெருவுக்கே ஒரே ஸ்டாரு போதும்னுட்டாங்கோ."

வெட்டிய கட்டைகள் ராட்சத அன்னாசிகள் போல லாரியில் ஏறின. கொஞ்சம் இடம் மிஞ்சியது. லாரிக்காரர் மூலைச் செடியைக் கண்ணால் காட்டினார். ரகு அதனருகே போனான்.

அவன் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அந்தக் கிழிசல்களோடு அதையும் கட்டிவிட்டு வந்தான்.

எங்கள் அடுக்ககத்தில் டிசம்பர் வந்தால் ஆறு வீட்டுக்கு ஆறு நட்சத்திரம் தொங்கும். இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நான் அங்கே இருக்கப் போவதில்லை; கத்திவாக்கத்தில் அந்த மூலைச் செடியருகே இருப்பேன்.