சிவப்பு டிக் போட்டதை நிறுத்தவும்

போன செவ்வாய்க்கிழமை மதியம். சாப்பிட்டு முடித்து, டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு என் இருக்கைக்குத் திரும்பினால் - மேஜைக்கு எதிரில் ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தார். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை. உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை.

"ஏனுங்க சார், நாந்தானுங்க சம்பூர்ணம். பெருந்துறைல இருந்து வாரேனுங்க."

பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒன்று, ஈரோட்டுக் கண் டாக்டர் ஒருவருடைய சீட்டு. இன்னொன்று...

இன்னொன்றைப் பிறகு சொல்கிறேன். சொல்லாமலே தப்பிக்க முடியுமா என்று இரண்டு நாள் யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் இந்தப் பத்திரிகையில், இதே பத்தியில் ஒரு சமாச்சாரம் எழுதியிருந்தேன். நினைவிருக்கிறதா? வெளியூர் யூனிட்டில் ஒரு அம்மாள். சிவப்புக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு லாரியையே நிறுத்தி வைத்துவிட்டார். 'இவரை டிராஃபிக் போலீஸ் வேலைக்கு எடுத்தால் கோயமுத்தூர் என்ன ஆகும்?' என்று கேட்டு முடித்திருந்தேன். உங்களில் பலருக்கு அது பிடித்திருந்தது. பாராட்டிப் பதினோரு கடிதங்கள்! அந்த அம்மாளுக்குத் தினமும் கேரட் கொடுக்கச் சொல்லி ஒரு சேலத்து வாசகர் யோசனை எழுதியிருந்தார். அதை ஆபீஸில் எல்லோருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

பெயர் மட்டும் போடவில்லை. அதுதான் நாகரிகம் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அந்த அம்மாள்தான் இப்போது என் எதிரில், மஞ்சள் பையோடு.

ஆபீஸ் விஷயத்தை நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. இன்று வேறு வழியில்லை. நான் வேலை பார்ப்பது மேஜை விரிப்பு, சமையலறைத் துண்டு மாதிரியான துணிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில், மேனேஜராக. ஆபீஸ் கோவையில். தைப்பது, செக் பண்ணுவது, பெட்டி போடுவது எல்லாம் பெருந்துறையில். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேர பஸ் பயணம். சம்பூர்ணம் அங்கே செக்கிங் சூப்பர்வைசர். அதாவது, துணியில் நூல் பிரிந்திருந்தாலோ, சாயம் ஒரு இழை மாறியிருந்தாலோ கண்டுபிடித்து ஒதுக்க வேண்டியவர். முழுக்க முழுக்கக் கண்ணை நம்பிய வேலை.

மூன்று வருடமாக அவரோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறேன். முகம் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. எதற்கு? போன்தான் இருக்கிறதே!

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எந்த டிசைன் போகலாம், எது போகக்கூடாது என்று நான் ஒரு பட்டியலில் டிக் போடுவேன். நீல டிக் என்றால் லாரியில் ஏற்றலாம். சிவப்பு டிக் என்றால் நிறுத்த வேண்டும். கம்பெனி வேனில் அந்தத் தாள் பெருந்துறைக்குப் போகும். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட இந்த அம்மாள் சிவப்பை நீலமாகப் பார்த்ததில்லை.

பிறகு எங்களுக்கு ஃபேக்ஸ் வந்தது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று. வேனுக்குக் காத்திருக்க வேண்டாம். காகிதத்தை இந்தப் பக்கம் விட்டால் அந்தப் பக்கம் வந்து விழுகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் வாரத்திலேயே நாற்பது டிசைன் உள்ள பட்டியல் ஒன்று. வழக்கம் போல நீலம், சிவப்பு டிக்குகள். மேலே கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'சிவப்பு டிக் போட்டதை நிறுத்தவும். மற்றதை இன்றே ஏற்றவும்.' அனுப்பினேன்.

புரிந்துவிட்டதா? உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரியவில்லையே!

எனக்கு வரும் ஃபேக்ஸ் எல்லாம் கறுப்பு வெள்ளைதான். அது எனக்குத் தெரியும். ஆனால் நான் அனுப்புவதும் அப்படித்தான் போய்ச் சேரும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருப்பேனா? என் கண் முன்னால் தாள் சிவப்பும் நீலமுமாக மெஷினுக்குள் போனது. சிவப்பும் நீலமுமாகவே கீழ்ப்பக்கமாக வெளியே வந்தது. அதை எடுத்து ஃபைலில் போட்டுவிட்டு டீ சொன்னேன்.

அரை மணி நேரத்தில் போன்.

"ஏனுங்க சார், சிவப்பு டிக்குன்னு எழுதியிருக்கீங்க... எனக்கு எல்லா டிக்கும் ஒரே மாதிரி தெரியுதுங்க."

"நல்லாப் பாருங்கம்மா."

"பாத்துட்டனுங்க. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கூடப் பாத்துட்டனுங்க. சிவப்பே தெரியலீங்க."

"சிவப்பும் நீலமும் தெரியலீன்னா மொதல்ல ஒரு கண் டாக்டரப் போய்ப் பாருங்க!"

கவனிக்கவும் - 'ங்க' போட்டுத்தான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் அதுதான் ஒரு வசதி. எதை வேண்டுமானாலும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு 'ங்க' சேர்த்துவிட்டால் போதும், மரியாதையாகப் பேசிவிட்டதாக மனசு நிம்மதியடைந்துவிடும்.

அந்தப் பக்கம் தாளை மறுபடி புரட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிங்க."

அந்த 'சரிங்க'வை நான் எப்படி எடுத்துக்கொண்டேன்? புரிந்துவிட்டது என்று. எதிரில் உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்த்திருந்தால், என்னைப் போன்ற மரமண்டைக்கும் அது வேறு 'சரிங்க' என்று தெரிந்திருக்கும். போனில் முகம் வராது. ஃபேக்ஸில் கலர் வராததைப் போல.

மறுபடி ஒரு தடவை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன்.

எது சிவப்பு என்று தெரியாத நிலையில் அந்த அம்மாள் என்ன செய்வார்? தப்பான சரக்கு கப்பலில் ஏறிவிடக்கூடாது என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். லாரி நின்றது. தூத்துக்குடியில் கப்பல் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"லாரிய யாருங்க நிறுத்துனது?"

"அந்த செக்கிங் அம்மாதானுங்க. கலர் தெரியலீன்னு சொல்றாங்க."

"கலர் தெரியாதவங்களயா இத்தன நாளா செக்கிங்ல வெச்சிருக்கோம்?"

இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருடம் தப்பில்லாமல் செய்தவர், திடீரென்று எப்படிக் கலர் தெரியாமல் போகும் என்று கேட்டிருக்கலாம். என்னையே நான் கேட்டிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். சம்பூர்ணம் அந்த வாரமே செக்கிங்கிலிருந்து எடுக்கப்பட்டு, பேக்கிங் பிரிவில் லேபிள் ஒட்டப் போனார். நான் வீட்டுக்கு வந்து, இந்த வாரம் எதை எழுதலாம் என்று யோசித்தேன். நல்ல விஷயம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன்.

சரி, இனி அந்த இரண்டு காகிதங்கள்.

டாக்டர் சீட்டில், பார்வையில் எந்தக் குறையும் இல்லை, நிறங்களும் சரியாகத் தெரிகின்றன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. ஆமாம், அவர் நிஜமாகவே கண் டாக்டரிடம் போயிருக்கிறார். நான் கேலியாகச் சொன்னதை அவர் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. மேனேஜர் சொல்கிறார், நம் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துபோய், ஒரு மாதம் அதை மனசிலேயே வைத்திருந்து, லீவு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"புள்ளி புள்ளியா நெம்பர் போட்ட ஒரு புஸ்தகத்தக் காட்டுனாருங்க. எல்லாத்தயும் படிச்சுப்போட்டனுங்க. அப்புறம் இந்தத் தாளக் காட்டுனனுங்க..."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"வேண்டாமுங்க சார்."

"பரவாயில்ல, சொல்லுங்க."

"இத அனுப்புனவர வரச் சொல்லுங்க, அவரு கண்ணப் பாக்கோணும்னு சொன்னாருங்க."

இரண்டாவது காகிதம் அதுதான். நான் அனுப்பிய ஃபேக்ஸ், பெருந்துறையில் வந்து விழுந்த தாள். சுருண்டு போயிருந்தது. இரண்டு பக்கமும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நாற்பது டிசைன். நாற்பது டிக். நாற்பதும் கறுப்பு. மேலே கொட்டை எழுத்தில் என் கையெழுத்து: 'சிவப்பு டிக் போட்டதை நிறுத்தவும்.' அதுவும் கறுப்பு.

ஃபைலிலிருந்து என்னுடைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைக் குனிந்து பார்த்தார். விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணினார்.

"ஒம்போது சிவப்புங்களா சார்," என்றார். "ஒம்போதத்தான் நிறுத்தச் சொன்னீங்களா..."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. தன் வேலையில் விட்டுப்போன ஒன்றை முடித்துக்கொள்கிற மாதிரி சொன்னார்.

மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்க சார்" என்றார். மறுபடியும் கேட்டேன். அப்போதுதான் அதைச் சொன்னார்.

"எம்பொண்ணு பிளஸ் டூ படிக்கறாளுங்க. உங்க பத்தின்னா அவளுக்கு உசுருங்க. வாரா வாரம் சத்தமாப் படிச்சுக் காட்டுவா, ஊட்ல எல்லாரும் கேப்போமுங்க. அன்னைக்கும் படிச்சாளுங்க. பாதி வரைக்கும் சிரிச்சுட்டே படிச்சாளுங்க. லாரி நின்னுதுன்னு வர்ற எடத்துல நிறுத்திப்போட்டா. அப்புறம் படிக்கலீங்க."

இருபது வருடமாக எழுதுகிறேன். யாரோ ஒரு முகம் தெரியாத வாசகருக்காக எழுதுகிறேன் என்று கூட்டத்தில் எல்லாம் பெருமையாகப் பேசியிருக்கிறேன். அந்த முகம் தெரியாத வாசகி பெருந்துறையில் ஒரு வீட்டில், தன் அம்மாவின் எதிரில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

அவரை அங்கேயே உட்கார வைத்துவிட்டு முதலாளி அறைக்குப் போனேன். இதையும் சொல்லிவிடுகிறேன் - போகிற வழியில் மனசு ஒரு வாக்கியத்தைத் தயார் பண்ணிக்கொண்டது. உள்ளே போனதும் அதைத்தான் சொன்னேன்.

"ஃபேக்ஸ் மெஷின்ல கொஞ்சம் பிரச்னைங்க."

"என்ன பிரச்னைங்க?"

மெஷினில் என்ன பிரச்னை? ஒன்றும் இல்லை! இரண்டு தாளையும் அவர் முன்னால் வைத்தேன். மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அந்தம்மா உங்களக் கேக்கவே இல்லீங்களா?"

"கேட்டாங்க. சிவப்பே தெரியலீன்னு போன் பண்ணினாங்க."

"அப்புறம்?"

"மறுபடியும் பண்ணினாங்க. மீட்டிங்ல இருக்கறதாச் சொல்லச் சொன்னேனுங்க."

"அன்னிக்கு என்னங்க மீட்டிங்?"

"டீ குடிச்சிட்டிருந்தேனுங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. போனை எடுத்துப் பெருந்துறைக்குப் பேசினார். சம்பூர்ணம் நாளையிலிருந்து மறுபடி செக்கிங்கில், அதே பொறுப்பில் என்றார். போனை வைத்துவிட்டு, இரண்டு தாளையும் என் பக்கமாகத் தள்ளினார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

திரும்பி வந்து சம்பூர்ணத்திடம் சொன்னேன். முகம் தெளிந்தது. ஆனாலும் கிளம்பவில்லை.

"இன்னொண்ணுங்க சார். அங்க எல்லாரும் கலர் கலராத் துணியத் தூக்கிக் காட்டி, 'இது என்ன கலரு'ன்னு கேக்கறாங்க. வெளையாட்டுக்குத்தானுங்க. ஆனா தெனமும் கேக்கறாங்க. நீங்க எங்க எழுதுனீங்களோ அங்கயே ஒரு வார்த்த எழுதிப்போட்டீங்கன்னா..."

"கண்டிப்பா எழுதறேன். பேர் போடாம எழுதிடறேன்."

"பேரு போட்டே எழுதுங்க சார். அன்னைக்குப் பேரில்லாமயே எல்லாருக்கும் நாந்தான்னு தெரிஞ்சுபோச்சுங்க. இப்பப் பேரில்லாம எழுதுனா, யாருக்கும் தெரியாதுங்க."



ஆகவே எழுதுகிறேன். பெருந்துறை யூனிட்டின் செக்கிங் சூப்பர்வைசர் சம்பூர்ணத்துக்குக் கண்ணில் எந்தக் குறையும் இல்லை. அன்றைக்கு அவர் கையில் இருந்த தாளில் சிவப்பே இல்லை. இல்லாததை இல்லை என்றுதான் சொன்னார். அதைக் காதில் வாங்காமல் போனை வைத்தவன் நான். விஷயம் தெரியாமல் ஊரைக் கூட்டிச் சிரித்தவனும் நான். கேரட் யோசனை சொன்ன சேலத்து நண்பர் இனி அதை எனக்கே அனுப்பலாம்.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு, ஃபேக்ஸ் அனுப்பியதும் நானே போன் போட்டு, "உங்களுக்கு அங்கே என்ன தெரிகிறது?" என்று கேட்டுவிடுகிறேன். சம்பூர்ணம் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டுகிறார். இரண்டு நிமிடம்தான் ஆகிறது. இந்த இரண்டு நிமிடத்தை அன்றைக்குக் கொடுக்காமல் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

வழக்கமாகக் கூரியரில் போகும் இந்தப் பத்தியை இந்த வாரம் ஆசிரியருக்கு ஃபேக்ஸில் அனுப்புகிறேன். சம்பூர்ணம் என்ற பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். கறுப்பு மையில்.

பெருந்துறையில் இதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தால் - இந்தத் தடவை நிறுத்தாமல் கடைசி வரைக்கும் படித்துவிடு, கண்ணு.